பற்றாத தீக்குச்சியில் தொடங்கிய அரசியல்: யார் இந்த ஒக்கு முமெயோ?

1948 செப்டம்பர் 3. டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் ஒரு கூட்டம். வந்தவர்களில் பெரும்பாலோர் இல்லத்தரசிகள். கட்சிக் கொடி கிடையாது, நட்சத்திரப் பேச்சாளர் கிடையாது. ஆளுக்கொரு பையில் தீப்பெட்டி. அதுவும் பற்றாத தீப்பெட்டி.

உரசினால் மருந்து உதிரும். அல்லது குச்சி ஒடியும். ஒரு அடுப்பு பற்றவைக்க ஏழெட்டுக் குச்சி வீணாகும். சரி, வேற பிராண்ட் வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்கலாம். அது முடியாது. போர் முடிந்து மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. தீப்பெட்டியே ரேஷன். கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும், காசும் கட்ட வேண்டும். அன்றைய கூட்டத்தில் பெண்கள் அந்த மட்டமான தீப்பெட்டிகளைக் கொட்டிக் காட்டினார்கள். பதிலுக்கு நல்ல தீப்பெட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 15 அன்று, இல்லத்தரசிகள் கூட்டமைப்பு ஒன்று பிறந்தது. பெயர் ஷுஃபுரென். ஜப்பானிய மொழியில் ஷுஃபு என்றால் இல்லத்தரசி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிவகாசி தலையெடுப்பதற்கு முன்னால், இந்தியக் கடைகளில் விற்ற தீப்பெட்டிகளில் கணிசமான பங்கு ஜப்பானிலிருந்து வந்தது. நம் கொள்ளுத்தாத்தா காலத்தில் இங்கே விளக்கேற்றிய தீக்குச்சியைச் செய்து அனுப்பிய நாட்டில், சொந்த அடுப்புக்கே குச்சி பற்றவில்லை. போர் ஒரு நாட்டை எவ்வளவு தூரம் இறக்கிவிடும் என்பதற்கு வேறு புள்ளிவிவரம் தேவையில்லை.

அந்தக் கூட்டத்தின் பின்னால் இருந்தவர் ஒக்கு முமெயோ. அப்போது அவருக்கு 52 வயது. நாடாளுமன்ற மேலவை உறுப்பினர். நம்ம ஊரில் இனிஷியல் முன்னால் வருவது மாதிரி ஜப்பானில் குடும்பப் பெயர் முன்னால் வரும்; ஒக்கு என்பது கணவர் வீட்டுப் பெயர், முமெயோ என்பது இவர் பெயர். ஜப்பானுக்கு வெளியே அதிகம் தெரியாத பெயர்தான். ஆனால் அந்த நாட்டில் ஒரு குளிர்பானப் பாட்டிலின் லேபிளைப் படிக்கிற எவரும், தெரிந்தோ தெரியாமலோ, இவர் போட்ட சண்டையின் பலனைப் படிக்கிறார்கள். அந்தக் கதைக்குக் கடைசியில் வருவோம்.

கொல்லர் வீட்டுப் பெண்

1895 அக்டோபர் 24. ஜப்பான் கடலோரத்தில் உள்ள ஃபுகுய் என்ற ஊரில் பிறந்தார். அப்பா இரும்புக் கொல்லர். படிப்பின் மேல் ஆசை உள்ள மனிதர். தனக்குக் கிடைக்காததை மகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தார். அம்மா இளம் வயதிலேயே இறந்துபோனார். வீட்டின் மூத்த பெண்ணான முமெயோ டோக்கியோவுக்குப் போய், ஜப்பான் பெண்கள் பல்கலைக்கழகத்தில் மனையியல் படித்து 1916-இல் பட்டம் பெற்றார்.

மனையியல் என்பதைக் கவனியுங்கள். அந்தக் காலத்து ஜப்பான் அரசு பெண் கல்விக்கு ஒரே ஒரு நோக்கம்தான் வைத்திருந்தது: நல்ல மனைவி, அறிவுள்ள தாய். அதற்கு மேல் ஒரு பெண்ணுக்கு எதுவும் தேவையில்லை. மணமான பெண் கணவனின் சம்மதம் இல்லாமல் முக்கியமான ஒப்பந்தம் எதையும் செய்ய முடியாது என்று சிவில் சட்டமே சொன்னது.

அரசியலா? அதற்குத் தனிச் சட்டமே இருந்தது. 1900-இல் வந்த பொது அமைதிக் காவல் சட்டத்தின் 5-வது பிரிவு, பெண்கள் அரசியல் கட்சியில் சேரக் கூடாது என்றது. அதோடு விடவில்லை. அரசியல் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்கவும் கூடாது. வாக்குரிமை இல்லை என்பது பல நாடுகளில் இருந்த கதை. பேச்சைக் காது கொடுத்துக் கேட்பதே குற்றம் என்பது கொஞ்சம் அதிகம்தான்.

ஆனால் சட்டம் தடுத்த இடத்தில் அரிசி வந்து நின்றது. 1918 ஜூலையில், முமெயோ பிறந்த அதே கடலோரத்தில், தொயாமா பகுதியின் உவோசு என்ற மீனவர் ஊரில், பெண்கள் அரிசி மூட்டைகளைக் கப்பலில் ஏற்றவிடாமல் மறித்தார்கள். விலை எகிறிக்கொண்டிருக்க, ஊர் அரிசி வெளியே போவதா என்பதுதான் கேள்வி. அது நாடு முழுக்கக் கலவரமாகப் பரவியது. செப்டம்பரில் பிரதமர் தெராவுச்சியின் அமைச்சரவை கவிழ்ந்தது. கூட்டத்துக்குப் போக அனுமதி இல்லாத பெண்கள் தொடங்கிவைத்த வேலை, ஓர் அரசாங்கத்தையே வீட்டுக்கு அனுப்பியது.

பட்டம் வாங்கிய முமெயோவுக்கு, தொழிலாளர்கள் உண்மையில் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. தொழிலாளர் பத்திரிகை ஒன்றில் எழுதிக்கொண்டிருந்தவர், படித்தவர் என்பதை மறைத்துக்கொண்டு டோக்கியோவின் ஹொஞ்சோ பகுதியில் ஒரு நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த நாள் ஜப்பான் ஆலைகளில் நூல் நூற்றவர்கள் பெரும்பாலும் கிராமங்களிலிருந்து ஒப்பந்தத்தில் கூட்டிவரப்பட்ட இளம்பெண்கள். ஆலை விடுதியிலேயே தங்க வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். பெண்களின் இரவு வேலைக்குத் தடை 1929-இல்தான் நடைமுறைக்கு வந்தது. முமெயோவின் வேடம் அதிக நாள் தாக்குப்பிடிக்கவில்லை. அடையாளம் தெரிந்ததும் வெளியேற வேண்டியதாயிற்று. வேவு பார்க்கப் போய் ஏழைகளைப் புரிந்துகொள்ள முடியாது என்பது அவருக்கு அங்கே உறைத்திருக்க வேண்டும். பிற்காலத்தில் அதே ஹொஞ்சோவுக்குத் திரும்பி வந்தபோது அவர் வேடம் எதுவும் போடவில்லை.

முதுகில் குழந்தை, எதிரில் பிரபு

1919-இல் கவிஞர் ஒக்கு எய்ச்சியுடன் திருமணம். அடுத்த ஆண்டு ஒரு மகன். அதே சமயத்தில் இரண்டு பெண்கள் ஓர் அமைப்பு தொடங்கினார்கள். ஒருவர் ஹிரத்சுகா ராய்ச்சோ, ஏற்கெனவே நாடறிந்த எழுத்தாளர். இன்னொருவர் இச்சிகாவா ஃபுசாயே, பின்னாளில் ஜப்பான் பெண் வாக்குரிமை இயக்கத்தின் முகம். புதிய பெண்கள் சங்கம் என்று பெயர். முமெயோவும் அதில் சேர்ந்தார். முதல் இலக்கு, அந்த 5-வது பிரிவு.

1921-இல் கீழவையில் திருத்தம் நிறைவேறியது. ஆனால் பிரபுக்கள் அவையில் தோற்றது. அங்கே எழுந்து எதிர்த்தவர்களில் முக்கியமானவர் ஃபுஜிமுரா யோஷிரோ என்ற பிரபு. பெண்கள் அரசியலுக்கு வருவது இயற்கைக்கும் குடும்ப முறைக்கும் விரோதம் என்பது அவர் வாதம்.

அதே ஆண்டில் சங்கமும் ஆட்டம் கண்டது. ராய்ச்சோவுக்கு உடல்நலம் கெட்டது. இச்சிகாவா அமெரிக்கா போய்விட்டார். இருவருக்குள்ளும் மனக்கசப்பு வேறு. தலைவர்கள் இல்லாத சங்கத்தை இழுத்துப் பிடித்தவர்களில் ஒருவர், கைக்குழந்தைக்காரியான 26 வயது முமெயோ.

குழந்தையை யாரிடம் விடுவது? விட ஆள் இல்லை. முதுகில் கட்டிக்கொண்டு கிளம்பினார். நாடாளுமன்ற உறுப்பினர்களின் வீட்டுக் கதவுகளைத் தட்டினார். யாரைப் பார்க்கப் போனார் தெரியுமா? எதிர்த்துப் பேசிய அதே ஃபுஜிமுராவை. அரசியல் பேசும் பெண் என்றால் புகை பிடித்துக்கொண்டு, குடும்பத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத் திரிபவள் என்பது அன்றைய பத்திரிகைகள் வரைந்து வைத்திருந்த படம். கதவைத் திறந்தால் முதுகில் குழந்தையோடு ஒரு தாய். பிரபுவின் எதிர்ப்பு இளகியது. 1922 மார்ச் 25, கூட்டத்தொடரின் கடைசி நாள், திருத்தம் பிரபுக்கள் அவையிலும் நிறைவேறியது. பெண்கள் அரசியல் கூட்டத்துக்குப் போகலாம், கூட்டம் நடத்தலாம். கட்சியில் சேர மட்டும் இன்னும் 23 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தக் காட்சியைப் பெண் உரிமை வரலாற்றில் மனதைத் தொடும் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் கொஞ்சம் உறுத்தலும் உண்டு. பெண்ணுக்கு அரசியல் உரிமை வேண்டும் என்ற வாதத்தை ஏற்காத மனிதர், ஒரு நல்ல தாயைப் பார்த்ததும் இறங்கிவந்தார். அதாவது எதிராளியின் கற்பனையில் இருந்த பெண்ணாகப் போய் நின்றதால் வென்றார்கள். இந்த உத்தி முமெயோவின் வாழ்க்கை முழுக்கத் தொடரும். இல்லத்தரசி என்ற வேலியையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவது. அதற்கு விலையும் உண்டு.

ஓட்டு வரும்வரை காத்திருக்கவில்லை

1922 கடைசியில் சங்கம் கலைந்தது. இச்சிகாவா, அமெரிக்காவிலிருந்து திரும்பிய பிறகு, வாக்குரிமை என்ற ஒற்றைக் கோரிக்கையைப் பிடித்துக்கொண்டார். முமெயோ வேறு வழியில் போனார். வேலைக்குப் போகும் பெண்களுக்காக 1923-இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர் மாறி மாறி அது 1941 வரை வந்தது. நுகர்வோர் கூட்டுறவுகளில் இறங்கினார். கடைக்காரர் சொன்னதுதான் விலை என்ற நிலையில், பத்துக் குடும்பம் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும், எடையும் சரியாக இருக்கும். எளிய கணக்கு. 1928-இல் பெண்களுக்கான நுகர்வோர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தார்.

1930-இல் ஹொஞ்சோவில் பெண்கள் குடியமைப்பு நிலையம் ஒன்று திறந்தார். வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளுக்குக் காப்பகம், மாலை நேர வகுப்பு, கருத்தடை ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ். தன் குழந்தையை விட ஆளில்லாமல் முதுகில் சுமந்தவர், பக்கத்து வீட்டுக் குழந்தைகளை இறக்கிவைக்க ஓர் இடம் கட்டினார்.

அதே காலத்தில் வாக்குரிமைக்காரர்களுக்கு அடிமேல் அடி. 1925-இல் ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு வந்தது, பெண்களுக்கு இல்லை. 1931-இல் உள்ளாட்சித் தேர்தலில் மட்டும் பெண்களுக்கு வரம்புள்ள வாக்குரிமை தரும் மசோதா கீழவையில் தேறி, மறுபடியும் பிரபுக்கள் அவையில் செத்தது. பிறகு மஞ்சூரியா, சீனா என்று போர் விரிந்தது. உரிமை பற்றிப் பேசவே இடமில்லாமல் போனது.

போர்க்காலம்: தவிர்க்க முடியாத பக்கம்

இந்தப் பகுதியைப் பல வாழ்க்கைக் குறிப்புகள் வேகமாகத் தாண்டிவிடும். தாண்டக் கூடாது.

போர் நடத்தத் துப்பாக்கி மட்டும் போதாது. சேமிப்பு வேண்டும், சிக்கனம் வேண்டும், ஆண்கள் போன பிறகு ஆலையில் நிற்க ஆள் வேண்டும். இதையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுபோகப் பெண் தலைவர்கள் வேண்டும். ஜப்பான் அரசு அவர்களைத் தேடி வந்தது. அதுவரை கதவைத் தட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கு முதல் முறையாக அரசுக் குழுக்களில் நாற்காலி கிடைத்தது. முமெயோவும் உட்கார்ந்தார். பெண் தொழிலாளர் நிலைமை, குடும்பச் சேமிப்பு போன்ற விஷயங்களில் அரசின் ஆலோசனைக் குழுக்களில் இருந்தார். உள்ளே போனால் பெண்களின் வேலைச்சூழலைக் கொஞ்சமாவது சரிசெய்யலாம் என்ற கணக்கு அவருக்கு இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சிக்கனமும் உழைப்பும் எங்கே போய்ச் சேர்ந்தன? ஆசியா முழுக்க லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற போருக்கு.

1945 மார்ச் 10 அதிகாலையில் அமெரிக்க விமானங்கள் கிழக்கு டோக்கியோவை எரித்தன. ஹொஞ்சோ தரைமட்டமானது.

போருக்குப் பிறகு, ஒத்துழைத்தவர்களைப் பொதுப் பதவிகளிலிருந்து நீக்கும் நடவடிக்கை வந்தது. இச்சிகாவா 1947 முதல் 1950 வரை விலக்கிவைக்கப்பட்டார். அதே 1947-இல் முமெயோ தேர்தலில் நின்று வென்றார். இருவரும் போர்க்காலக் குழுக்களில் இருந்தவர்கள்தான்; ஒருவர் வீட்டில் உட்கார, இன்னொருவர் நாடாளுமன்றத்துக்குப் போனார். அந்தப் பட்டியல்களில் எப்போதும் நியாயம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

நாடாளுமன்றத்தில் அடுப்படி

1945 டிசம்பரில் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டது. 1946 ஏப்ரல் 10-இல் ஜப்பானியப் பெண்கள் முதல் முறையாக வாக்களித்தார்கள். 39 பெண்கள் வென்றார்கள். பிரபுக்கள் அவை ஒழிந்து, அதன் இடத்தில் மக்கள் தேர்ந்தெடுக்கும் மேலவை வந்தது. 1947-இல் நடந்த அதன் முதல் தேர்தலில் முமெயோ நாடு தழுவிய தொகுதியில் வென்றார். ஒரு காலத்தில் குழந்தையோடு கதவருகே நின்று கெஞ்சிய அவை போய்விட்டது. அந்த இடத்தில் வந்த அவையில் இவருக்கு இருக்கை. 1965 வரை மூன்று முறை, 18 ஆண்டு உறுப்பினர்.

ஆனால் ஊர் எப்படி இருந்தது? ரேஷன் அரிசி போதாது. கள்ளச் சந்தையில் வாங்கினால்தான் உயிர் தங்கும். கள்ளச் சந்தை வழக்குகளை விசாரித்த டோக்கியோ நீதிபதி யமகுச்சி யோஷிததா, சட்டத்தை மீற மாட்டேன் என்று ரேஷனை மட்டுமே நம்பி, 1947-இல் ஊட்டமின்றி இறந்துபோனார். சட்டப்படி வாழ்ந்தால் சாவு என்ற நிலையில், மூன்று வேளையும் ஏதோ ஒன்றைத் தட்டில் வைத்தாக வேண்டியவள் யார்? வீட்டுப் பெண்.

இந்தப் பின்னணியில்தான் தீப்பெட்டிக் கூட்டம். ஏன் தீப்பெட்டி? அரிசி தட்டுப்பாடு என்றால் விளைச்சல் இல்லை, கப்பல் வரவில்லை என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். பற்றாத தீக்குச்சிக்கு என்ன சாக்கு சொல்வது? காசு வாங்கிக்கொண்டு உதவாத பொருளைக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். யார் கையிலும் உரசிக் காட்டலாம். ஒரு இயக்கத்தைத் தொடங்க இதைவிடக் கச்சிதமான பொருள் கிடைக்காது.

ஷுஃபுரென் தேர்ந்தெடுத்த சின்னமும் அடுப்படியிலிருந்தே வந்தது. ஷமோஜி, அதாவது சோறு பரிமாறும் மர அகப்பை. ஆள் உயரத்துக்குப் பெரிய அகப்பைகளைச் செய்து, அதன் முகத்தில் கோரிக்கையை எழுதி, வெள்ளைச் சமையல் மேலங்கி போட்டுக்கொண்டு ஊர்வலம் போவார்கள். ஜப்பானிய மொழியில் சோறு எடுப்பதற்கும் எதிரியைப் பிடிப்பதற்கும் ஒலி ஒற்றுமை உண்டு. அந்தச் சிலேடையும் சேர்ந்துகொண்டது. அரிசி விலை, பால் விலை, பொதுக்குளியலறைக் கட்டணம் என்று எது ஏறினாலும் அமைச்சக வாசலில் அகப்பைகள் வந்து நின்றன. சோறு போடும் கரண்டியோடு வரும் அம்மாக்கள் மேல் தடியடி நடத்த எந்தப் போலீஸ்காரருக்கு மனசு வரும்? 1922-இன் அதே உத்தி. இந்த முறை ஆயிரக்கணக்கில்.

கேலியும் வந்தது. அகப்பை அரசியல், சில்லறை அரசியல் என்று இடதுசாரிகளும் வலதுசாரிகளும் சிரித்தார்கள். பெண்கள் தரப்பிலிருந்தே விமர்சனம் வந்தது. 1955-இல் இஷிகாகி அயாகோ என்ற எழுத்தாளர், மணமான பெண்களும் வேலைக்குப் போக வேண்டும் என்று எழுதப்போய், இல்லத்தரசி என்பவள் யார் என்று நாடே ஆண்டுக்கணக்கில் விவாதித்தது. இல்லத்தரசி என்ற பெயரிலேயே திரண்டால், பெண்ணின் இடம் வீடுதான் என்று நாமே முத்திரை குத்திக்கொள்கிறோமே என்பது நியாயமான கேள்வி. ஆலைப் பெண்களுக்காகப் பத்திரிகை நடத்திய முமெயோவுக்கு அந்தக் கேள்வி புதிதாக இருந்திருக்காது. அவர் பதிலை ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்தார்.

மஞ்சள் ஊறுகாய், மாட்டுப் படம் போட்ட டப்பா

1950-இல் ஷுஃபுரென் அன்றாடப் பொருள் பரிசோதனைக் கூடம் ஒன்றைத் தொடங்கியது. என் கணக்கில் முமெயோ செய்ததிலேயே பெரிய காரியம் இது. கோஷம் போட்டால் நாலு நாள் செய்தி. பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு போனால், எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும். கூடத்தை நடத்தியவர் தகாதா யூரி; மருந்தியல் படித்தவர், பின்னாளில் அமைப்பின் தலைவரானவர்.

முதலில் சிக்கியது தக்குவான். பெரிய வெள்ளை முள்ளங்கியில் போடும் மஞ்சள் நிற ஊறுகாய். சோறு இருக்கும் இடமெல்லாம் இரண்டு துண்டு தக்குவான் இருக்கும். அந்தப் பளிச் மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், ஆரமின் என்ற சாயம். உடம்புக்கு நஞ்சு. பெண்கள் முடிவுகளை வெளியிட்டு விடாமல் கேட்டார்கள். 1953-இல் அரசு ஆரமினை உணவில் சேர்க்கத் தடை விதித்தது.

1956-இல் டோக்கியோவின் யோத்சுயாவில் இல்லத்தரசிகள் மன்றம் என்ற சொந்தக் கட்டடம் எழுந்தது. நன்கொடை திரட்டிக் கட்டியது. கூட்ட அரங்கு, ஆலோசனை அறைகள், பரிசோதனைக் கூடம் எல்லாம் அங்கே. கல்யாண மண்டபமும் உண்டு. மண்டபம் இருந்தால் இயக்கம் ஓடும் என்பது எந்த ஊர் சங்கத்துக்கும் தெரிந்த பொருளாதாரம்தானே.

1960-இல் ஒரு ஈ வரலாற்றில் இடம்பிடித்தது. டோக்கியோவில் ஒருவர் வாங்கிய மாட்டிறைச்சி டப்பாவில் ஈ கிடந்தது. புகார் போனது. சோதித்துப் பார்த்தால் ஈயைவிடப் பெரிய பிரச்சினை: உள்ளே இருந்தது மாட்டிறைச்சியே இல்லை, திமிங்கிலம். லேபிளில் மட்டும் மாட்டுப் படம். மற்ற நிறுவனங்களின் டப்பாக்களையும் திறந்தால், பெரும்பாலானவற்றில் திமிங்கிலமும் குதிரையும்தான்.

யாரைத் தண்டிப்பது? இங்கேதான் சிக்கல். உணவுச் சுகாதாரச் சட்டம் உடம்புக்குக் கெடுதலான பொருளைத்தான் பிடிக்கும். திமிங்கில இறைச்சி தின்றால் யாருக்கும் வயிறு வலிக்காது. பொய் சொல்லி விற்பதைப் பிடிக்கத் தோதான சட்டம் இல்லை. ஷுஃபுரென் உள்ளிட்ட நுகர்வோர் அமைப்புகள் இதை விடவில்லை. 1962-இல் பொய்யான விளம்பரத்தையும் லேபிளையும் தடுக்கும் சட்டம் வந்தது. இன்றைக்கும் ஜப்பானில் விளம்பர மோசடி என்றால் அந்தச் சட்டம்தான், திருத்தங்களோடு.

ஜூஸ் வழக்கு

1965-இல் நாடாளுமன்றத்திலிருந்து விலகியபோது முமெயோவுக்கு 69 வயது. ஓய்வு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

1971-இல் பழச்சாறு பானங்களுக்கான லேபிள் விதிகளை, நியாய வர்த்தகத்துக்கான அரசு ஆணையம் அங்கீகரித்தது. விதியை எழுதியது பானம் செய்யும் நிறுவனங்களின் சங்கம். பழச்சாறு ஒரு சொட்டுக்கூட இல்லாத பானத்தில் என்ன எழுதலாம்? சாயம் சேர்த்தது, மணப்பொருள் சேர்த்தது என்று எழுதினால் போதும். பழச்சாறு இல்லை என்று நேரடியாகச் சொல்ல வேண்டாம். லேபிளில் ஆரஞ்சு நிறம், உள்ளேயும் ஆரஞ்சு நிறம்; கடையில் அவசரமாக எடுக்கும் அம்மாவுக்கு என்ன புரியும்?

ஷுஃபுரெனும் அதன் தலைவர் ஒக்கு முமெயோவும் எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். ஆணையம் கேட்ட கேள்வி லேபிள் பற்றியதே இல்லை. புகார் கொடுக்க நீங்கள் யார் என்பதுதான் கேள்வி. 1973-இல் மனு தள்ளுபடி. உயர் நீதிமன்றம் போனார்கள், அங்கும் தோல்வி. 1978 மார்ச் 14-இல் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது: மனு போடும் தகுதி உங்களுக்கு இல்லை.

காரணத்தைப் புரிந்துகொள்ள ஒரு தெருவிளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரிந்தால் அந்த வழியே போகிற எல்லோருக்கும் வெளிச்சம். அதற்காக விளக்கு உங்கள் சொத்து என்று ஆகிவிடாது. அதுபோல, லேபிள் சட்டம் காப்பது பொதுநலனை. அதில் ஒவ்வொரு நுகர்வோருக்கும் கிடைக்கும் பலன் வெறும் பிரதிபலிப்பு. பிரதிபலிப்பை வைத்து வழக்குப் போட முடியாது. ஜப்பானில் நிர்வாகச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்தத் தீர்ப்பைத் தாண்டாமல் பட்டம் வாங்க முடியாது என்று சொல்லும் அளவுக்குப் பேர்பெற்ற வழக்கு இது. 1900-இல் பெண் என்பதால் கூட்டத்தில் உட்காரத் தகுதி இல்லை. 1978-இல் நுகர்வோர் என்பதால் வழக்குப் போடத் தகுதி இல்லை. முதல் கதவைத் திறக்க முதுகில் குழந்தையோடு போனவர், இரண்டாவது கதவு சாத்தப்பட்டபோது 82 வயதுப் பாட்டி.

ஆனால் சண்டை அங்கேயே முடியவில்லை. வழக்கு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, மனுவைத் தள்ளிய அதே 1973-இல் அதே ஆணையம் தனியாக ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பழத்தின் பெயரோ படமோ போட்டு விற்கும் பானத்தில் பழச்சாறு இல்லையென்றால், இல்லை என்று தெளிவாக எழுத வேண்டும். நீதிமன்றப் படியில் தோற்றவர்கள் கேட்டதும் கிட்டத்தட்ட அதைத்தான்.

முமெயோ 1988-இல், 93 வயதை எட்டும்போது, தன் வாழ்க்கைக் கதையை நூலாக வெளியிட்டார். மகள் நகமுரா கீ பிற்காலத்தில் ஷுஃபுரெனின் தலைவரானார். 1997 ஜூலை 7 அன்று, 101-வது வயதில் முமெயோ காலமானார். யோத்சுயாவில் இருந்த பழைய மன்றக் கட்டடத்துக்குப் பதிலாக அடுத்த ஆண்டு புதுக் கட்டடம் திறக்கப்பட்டது. ஷுஃபுரென் இன்றும் இயங்குகிறது, அதே அகப்பைச் சின்னத்தோடு. டோக்கியோவில் எந்தத் தானியங்கி விற்பனை இயந்திரத்திலும் காசு போட்டு ஒரு பளபள ஆரஞ்சு நிறப் பானத்தை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். உள்ளே பழம் இல்லையென்றால், லேபிளில் மூன்றே எழுத்தில் எழுதியிருக்கும்: பழச்சாறு இல்லை.